டப்பாக்காரரின் கூலி

அன்று காலை அப்பாவும் மகளும் சேர்ந்து டையின் முதுகில் காகிதம் ஒட்டினார்கள்.

பெட்டி வெட்டும் மெஷினில் டை என்பது ஒரு மரப்பலகை. பெட்டியை விரித்துப் போட்டால் என்ன வடிவமோ, அந்த வடிவத்தில் எஃகுத் தகடுகளைப் பலகையில் செருகியிருப்பார்கள். கூரான தகடு அட்டையை வெட்டும். மழுங்கிய தகடு மடிப்புக் கோடு போடும். பலகை பழசாகிவிட்டால் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. வெட்டு எங்கே சரியாக விழாமல் இழுக்கிறதோ, அங்கே முதுகுப் பக்கம் மெல்லிய காகிதத் துண்டை ஒட்டிக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். அப்பா ஒட்டினார். அவள் டார்ச் பிடித்தாள்.

"டார்ச்ச எம்மூஞ்சில அடிக்காத. டையில அடி."

"உங்க மூஞ்சிதான்ப்பா டைய மறைக்குது."

"அப்போ மூஞ்சியக் கழட்டி வெச்சிட்டு வரட்டுமா, இஞ்சினியரம்மா?"

கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழித்தார். ஒரு துண்டு ஒட்டுவதும், நிமிர்ந்து மூச்சு வாங்குவதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். ஏன் என்று கேட்டிருந்தால் பசை நாற்றம் என்றிருப்பார். கடைசியில் சோதனைக்கு ஓர் அட்டையை ஓட்டினார்கள். வெட்டு சுத்தமாக விழுந்தது. அப்பா அதை மடித்துப் பெட்டியாக்கி, காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். எந்தப் பெட்டியையும் அப்படித்தான் பார்ப்பார், உள்ளே யாரோ இருப்பதுபோல.

"சரி, கெளம்பு. நேரமாச்சுன்னா உங்க மேனேஜர் என்னையத்தான் திட்டுவான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அந்த வாரம் ஆலைக்காரர் வருவதாக இருந்தது. ஊரின் மறுகோடியில் பெரிய பெட்டி ஆலை வைத்திருப்பவர். அப்பாவின் பட்டறையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார், ஆனால் ஓடுகிற தொழிலாக. மெஷின், ஷெட், வாடிக்கை, வேலையாட்கள் எல்லாம் சேர்த்து ஒரு விலை. நின்றுபோன பட்டறை என்றால் இரும்பு எடைதான். அந்த வித்தியாசத்தில்தான் அப்பாவின் ஆபரேஷன் இருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, உடனே வந்து சேருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விற்று முடித்ததும் சேர்கிறேன் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். விற்காமல் சேர மாட்டேன் என்பதும் அதில் அடக்கம்.

"வால்வுதான? நீ ஃபேக்டரியில தெனம் மாத்துறியே. எனக்கும் ஒண்ணு மாத்திவிடேன்" என்றார்.

"உங்களுக்கு ஸ்பேர் கெடைக்காதுப்பா. பழைய மாடல்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

தெருவில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். செருப்புக்கடைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, கேக் கடைக்கு, எல்லாருக்கும் அவர்தான் பெட்டி. இளவயதில் வேறொருவரின் பட்டறையில் கூலிக்கு நின்றவர். அந்த முதலாளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடையை மூடியபோது, கடைசியாகத் தரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக வெட்டு மெஷினை எடுத்துக்கொள் என்றார். அப்பா எடுத்துக்கொண்டார். தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவரும்போது வண்டியின் அச்சு முறிந்து, மெஷின் ஒருநாள் முழுக்க நடுத்தெருவில் நின்றதாம். புதுமாப்பிள்ளையான தான் அதற்குக் குடைபிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றதை அப்பா பெருமையாகச் சொல்வார்.

"கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு நா கொட புடிச்சதில்ல" என்பாள் அம்மா.

"நீ துருப்புடிக்க மாட்டியே."

விலை சொல்லும் முறையில் அவர் வைத்ததே சட்டம். அட்டைக்கு இவ்வளவு, பசைக்கு, கரண்டுக்கு, ஒட்டும் கூலிக்கு இவ்வளவு. இதுதான் அடக்கம். அதன்மேல் நூற்றுக்குப் பத்து. அவ்வளவுதான். மெஷின் தேய்வதற்கென்று ஒன்றும் சேர்க்க மாட்டார். ஷெட் சொந்தம் என்பதால் வாடகை கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நின்ற தன் கால்களுக்கும் கூலி கிடையாது. அந்த விலைக்கு வேறு யாராலும் பெட்டி தரமுடியாது. அதனால் ஆர்டருக்குக் குறைவே இல்லை. வேலை நிறைய இருந்தது, கையில் எதுவும் நிற்கவில்லை. வீட்டில் யாருக்கும் இது புதிராகவும் படவில்லை.

வீட்டுச் செலவு வெட்டுக்கழிவில் நடந்தது. ஷீட்டில் பெட்டி வெட்டியதுபோக ஓரங்களிலும் மூலைகளிலும் மிஞ்சும் அட்டைத் துண்டுகள் அம்மாவுக்குச் சொந்தம். பழைய பேப்பர்க்காரர் வந்து எடைபோட்டு எடுத்துப்போவார். அந்தக் காசில்தான் அரிசி, பால், பள்ளிக்கூடத்து நோட்டு. எந்தப் பெட்டி கோணல் வடிவமோ, எதில் கழிவு அதிகமோ, அதுதான் அம்மாவுக்குப் பிடித்த பெட்டி. கேக் பெட்டியை அவள் மகராசி என்பாள். கண்ணாடிப் பெட்டியைக் கஞ்சப்பிசினாரி என்பாள்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போன புதிதில் செருப்புப் பெட்டியின் டையைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்தாள். ஒரு பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்துப் பெட்டியின் மடிப்புக் காதோடு சேர்த்துப் பொருத்தினால், அதே ஷீட்டில் கூடுதலாக ஒரு பெட்டி விழும். புது டை செய்தார்கள். விழுந்தது. அப்பா ஷெட்டில் இருந்த எல்லாரிடமும் ஷீட்டைக் காட்டினார். பெட்டி ஒட்டும் பெண்ணை எல்லாரும் பசை அக்கா என்பார்கள். அவளிடம் இரண்டு தடவை காட்டினார்.

"பாத்துட்டேண்ணே. உங்க பொண்ணு கெட்டிக்காரி. இப்போ நான் ஒட்டட்டுமா?"

அதே வாரம் அப்பா செருப்புக்கடைக்கு நடந்தே போய், பெட்டி விலையைக் குறைத்துவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா கொறைச்சீங்க?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட்டைக்கு அவங்ககிட்ட என்ன வாங்குறேன்? அடக்கம். இப்போ அட்டை கம்மியாப் போகுது. அடக்கம் கொறஞ்சா அவங்களுக்குத்தான சேரும்?"

"நான்ல டை வரஞ்சேன்!"

"நீ எம்பொண்ணு. ஒனக்கு நான் கூலியா போட முடியும்?"

அடக்கம் குறைந்ததால் அதன்மேல் வைக்கும் நூற்றுக்குப் பத்தும் குறைந்தது. கழிவு குறைந்ததால் அம்மாவின் அரிசிக்காசும் குறைந்தது. பழைய பேப்பர்க்காரர் பாதிச் சாக்கோடு திரும்பிப் போவதைப் பார்த்து அம்மா அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்: "என்னடி பண்ணின? நல்லாத்தான இருந்துச்சு?"

தம்பி அப்போது கல்லூரியில் வணிகம் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அவனை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீ பண்ணின முன்னேத்தத்துல நம்ம வீட்டுல எல்லாருக்கும் நட்டம். செருப்புக்கடைக்காரருக்கு மட்டும் லாபம். ஒனக்கு அவர் ஒரு ஜோடி செருப்பாவது தரணும்."

அடுத்த வருடம் தம்பியின் கல்லூரியில் ஒரு சிறுதொழிலை எடுத்து எழுதச் சொன்னார்கள். கணக்குப்பதிவியலுக்கு ஒன்று, பொருளியலுக்கு ஒன்று. வேறு தொழிலைத் தேடி அலைவானேன் என்று இரண்டுக்கும் அப்பாவையே எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்கினான்.

"கணக்குப் பாடத்துல நீங்க லாபம்ப்பா. கொஞ்சம்தான், ஆனா லாபம்."

"கேட்டியா?" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

"இருங்க. பொருளியல்ல நீங்க நட்டம்."

"ஒரே கடைதானடா?"

"ஒரே கடைதான். மொதலாளி தனக்கு எடுத்துக்கிறது கணக்குப் பாடத்துல செலவு கெடையாது. அதுக்குப் பேரு எடுப்பு. அதனால உங்க கூலி அதுல வராது. பொருளியல்ல அப்படி இல்ல. நீங்க இங்க நிக்காம வேற ஒரு ஆலையில டை போடுற ஆளா போயிருந்தா என்ன சம்பளம் வந்திருக்கும்? அதையும் செலவாப் போடணும். அதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு. ஷெட்ட வாடகைக்கு விட்டிருந்தா என்ன வந்திருக்கும்? அதையும் போடணும். மெஷினோட தேய்மானத்த நீங்க போடவே இல்ல, ரெண்டுலயும் நான்தான் போட்டேன். எல்லாம் போட்டா வருஷா வருஷம் நட்டம்."

அப்பா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆலையில லீவெல்லாம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"ம்." போட்ட கோட்டை விரலாலேயே அழித்தார். "எந்த வாத்தியார் நல்லவரு?"

"கணக்கு வாத்தியார்."

"அப்போ அவரு சொன்னதையே எடுத்துக்குவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிக்கு இரண்டு பாடத்திலும் நல்ல மதிப்பெண் வந்தது. அப்பா மறுநாள் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினார். பிள்ளைகள் இருவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னது சரியாகவும் இருந்தது. அதனாலெல்லாம் பட்டறையில் ஒரு துரும்பும் நகரவில்லை.

அவருக்கு மூச்சுவாங்கத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. தம்பி அதற்குள் ஒரு கம்பெனியில் கணக்கெழுதப் போயிருந்தான். பெட்டிக்கட்டைத் தூக்கும்போது இளைத்த மூச்சு, அப்புறம் ஷட்டரைத் தூக்கும்போது இளைத்தது, அப்புறம் சும்மா நிற்கும்போதும் இளைத்தது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அவளுக்குப் படம் உடனே புரிந்தது. பின்னோக்கி ஒழுகும் வால்வு. பம்ப் இரட்டிப்பாக உழைக்கும், கொஞ்ச காலம் சமாளிக்கும், பிறகு சமாளிக்காது. தொழிற்சாலையில் இப்படி ஒரு பம்ப் இருந்தால் அவள் அன்றைக்கே நிறுத்திவிடுவாள்.

"நான் லீவு போட்டு மெஷின ஓட்டுறேன். நீங்க போய்ச் சேருங்க."

"ஆலைக்காரர் வரும்போது நான் இருக்கணும்மா."

"ஏன்? அவருக்கு மெஷின் ஓடணும். நான் ஓட்டுறேன்."

"சொன்னாக் கேளு. ஒரு வாரம்."

ஆலைக்காரர் வரவில்லை. சம்பந்தி வீட்டில் விசேஷம் என்றார். பிறகு ஆலையில் லாரி தகராறு என்றார். அடுத்த வாரம் கண்டிப்பாக என்றார். ஒவ்வொரு முறையும் அப்பா மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தானும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஆள் ஷட்டருக்குள் நுழையும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக, அவசரமில்லாத கண்ணாடிப் பெட்டிகளையெல்லாம் வெட்டித் தள்ளினார். ஷெட்டில் கால்வைக்க இடமில்லை.

"இழுத்தடிக்கிறாரு" என்றான் தம்பி, போனில். "அப்பா ஒடம்பு அவருக்குத் தெரியும். நாள் போகப்போக நாம எறங்கி வருவோம்னு நூல் விட்டுப் பாக்குறாரு."

"வேற ஆளப் பாக்கலாமா?"

"யாருக்கா வாங்குவா? அந்தக் கணக்க நான் படிச்சப்பவே போட்டுட்டேன்."

வேறு இரண்டு பேரைக் கேட்டும் பார்த்தார்கள். ஒருவர் ஷெட் மட்டும் போதும் என்றார். அதிலும் அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு இருந்ததால் பின்வாங்கிவிட்டார். இன்னொருவர் மெஷினைப் பார்த்து, அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதற்கும் சிரித்தார்.

டையில் காகிதம் ஒட்டிய அந்தக் காலையில் அவள் வேலைக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பசை அக்காவின் போன் வந்தது. "கண்ணு, அண்ணன் கீழ உக்காந்துட்டாரு. எந்திரிக்க மாட்டேங்கிறாரு. மெஷின எப்படி நிறுத்துறது?" அவள் எந்த ஸ்விட்ச் என்று சொன்னாள். போனிலேயே மெஷினின் சத்தம் அடங்குவது கேட்டது. பெரிய சக்கரம் உடனே நிற்காது. மெல்ல மெல்லத்தான் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இனி ஆபரேஷன் தாங்காது என்றார்கள். அப்பா கண்ணைத் திறந்தபோதெல்லாம் ஆலைக்காரர் வந்தாரா என்றே கேட்டார். வருகிறார் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் தலையசைத்ததை அம்மா நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள். மகளுக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் நாள் அவர் இறந்துபோனார்.

ஆலைக்காரர் துக்கத்துக்கு வந்தார். மாலை போட்டார், உண்மையாகவே கண்கலங்கினார். காரியமெல்லாம் முடிந்தபின் அவளே அவரைக் கூப்பிட்டாள். லீவு போட்டிருந்தாள். ஷட்டரைத் தூக்கி, எண்ணெய் போட்டு, மெஷினை ஓட்டினாள். பசை அக்கா பக்கத்தில் நின்று ஒட்டினாள். ஆலைக்காரர் உள்ளே வந்தபோது செருப்புப் பெட்டி விழுந்துகொண்டிருந்தது, பிசிறில்லாமல். அவர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுது சார்" என்றாள்.

"மெஷின் ஓடுதும்மா. தொழில் ஓடலியே."

"வாடிக்கையெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க விசாரிச்சுக்கலாம்."

"விசாரிச்சேன். உங்கப்பா குடுத்த வெலைக்குக் குடுத்தா இருப்பாங்க. அந்த வெலைக்கு நான் எப்படிக் குடுக்க? இங்க ஒரு ஆள நிறுத்தினா சம்பளம் போடணும். சம்பளம் போட்டா பெட்டி வெல ஏறும். ஏறினா அவங்க பிளாஸ்டிக் கவருக்குப் போயிடுவாங்க. கட்டுப்படியாகாதும்மா."

"அப்பா இருந்தப்போ மட்டும் எப்படிக் கட்டுப்படியாச்சு?"

ஆலைக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட சொல்லலியா அவரு?"

"என்னத்த?"

"வித்தப்புறமும் ரெண்டு வருஷம் வந்து நின்னு ஓட்டித் தர்றேன்னாரு. சம்பளம் வேணாம், வெலையில சேத்துக்கங்கன்னாரு. அவரையும் சேத்துத்தாம்மா நான் வெல பேசினேன்."

பசை அக்காவின் கை நின்றது. மெஷின் வெறுமனே ஒருமுறை திறந்து மூடியது. மகள் எட்டி ஸ்விட்சை அணைத்தாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போற மனுஷன் சார். வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு."

"எங்கிட்ட ஒடம்பு தேறிடும்னாரு. எனக்கும் சந்தேகம்தான். அதான் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பாத்தேன்." அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "இரும்புக்குன்னா சொல்லுங்க, நல்ல ஆளா அனுப்புறேன்."

தம்பி வந்ததும் அவள் சொன்னாள். அவன் அம்மா காதில் விழாமல் வாசலுக்கு வந்து கேட்டான். ஒரு தொழிலை ஓடுகிற தொழிலாக விற்கும்போது, மெஷினுக்கும் சரக்குக்கும் மேலாக ஒரு தொகை வைப்பார்கள், அதற்கு நற்பெயர் என்று பெயர் என்றான். படித்ததை ஒப்பிப்பதுபோல அதோடு நிறுத்திக்கொண்டான்.

"அப்பா நல்ல பேருதான் எடுத்தாரு" என்றாள் அவள்.

"அது பேரு இல்லக்கா. அது சம்பளம். அவரு தனக்குப் போடாத சம்பளத்துக்குத்தான் எல்லாரும் நல்ல பேரு குடுத்தாங்க." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு வாத்தியாரும் மார்க்கு போட்டாங்களே."

மெஷின் இரும்பு எடைக்குப் போனது. அடிமாட்டு விலை. இரும்புக்காரரின் ஆட்கள் பெரிய சக்கரத்தைத் தனியாகக் கழற்றி, ஷட்டர்வரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டிக் குவித்த கண்ணாடிப் பெட்டிகளைக் கண்ணாடிக்கடைக்காரர் பாதியை எடுத்துக்கொண்டார், மீதியைப் பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டார். சாக்கு நிறைந்து வழிந்தது. அம்மா காசை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பசை அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குப் போகிறாள். அங்கே மாதச் சம்பளம், வாரத்தில் ஒருநாள் லீவு. "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றாள்.

ஷீட்டைத் துண்டாக்கும் கத்தி மெஷினையும் இரும்போடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஏற்றும்போது அதில் கத்தி இல்லை என்று இரும்புக்காரர் விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார். கத்தி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அப்பாவின் போன் அடித்தது. அது அவளிடம்தான் இருந்தது. சாணை பிடிப்பவர் பேசினார்.

"அண்ணே, என்ன ஆளையே காணோம்? கத்தி தீட்டி வெச்சிருக்கேன். யாரோ பாக்க வர்றாங்க, சீக்கிரம் வேணும்னு பறந்தீங்க. வந்து எடுத்துட்டுப் போங்க."

"நான் அவரு பொண்ணு பேசுறேன்" என்றாள்.

"ஆங், சொல்லும்மா. அப்பா இல்லியா?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் கல் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அடப்பாவமே." கொஞ்சம் விட்டு, "கூலியெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. கத்திய மட்டும் வந்து வாங்கிக்க. நல்ல எஃகு. நீளமான கத்தி, இங்க வெச்சா யாராவது கால வெட்டிக்குவாங்க."

"வர்றேன்" என்றாள்.

இன்னும் போகவில்லை. சாணைக்கடை ஆறு மணிக்கு மூடிவிடும். அவள் வேலை முடிந்து வருவதற்குள் மூடியிருக்கும். லீவு நாளில் போகலாம். வாங்கி வந்து எங்கே வைப்பது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டாள். அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.